மோனா லிசா யாரைப் பார்க்கிறார்? பார்வைத் திசையைக் கணிப்பது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள மோனா லிசா ஓவியம், பார்ப்பவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது உலகெங்கும் சொல்லப்பட்டுவரும் கூற்று. படத்திலுள்ள ஒரு முகம் நம்மை விடாமல் பார்ப்பதுபோலத் தோன்றும் உணர்வுக்கு உளவியலில் ‘மோனா லிசா விளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2019 ஜனவரியில், ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்னோட் ஹோர்ஸ்ட்மன், செபாஸ்டியன் லோத் ஆகிய இரு ஆய்வாளர்கள், அந்தப் பெயருக்குக் காரணமான ஓவியத்தில் அந்த உணர்வுக்கு அடிப்படையே இல்லை என்று அளந்து காட்டினார்கள். ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பதை நாம் எப்படிக் கணிக்கிறோம், அந்தக் கணிப்பு எந்த இடத்தில் வழுவுகிறது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆகவே அதை முழுமையாக எடுத்துப் பார்ப்போம்.

நிகழ்வின் பின்னணி

லியனார்டோ டா வின்சி 1503 வாக்கில் வரையத் தொடங்கிய இந்த ஓவியம், ஏறத்தாழ 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள பாப்லர் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. ஓவியத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் நகரப் பட்டு வணிகர் ஒருவரின் மனைவியான லிசா கெரார்தினி என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நம் ஆய்வுக்குத் தேவையானது அவர் அமர்ந்திருக்கும் நிலை. அவருடைய உடல் பார்ப்பவரின் இடப்பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கிறது. தலை அதே பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது. கருவிழிகளோ எதிர்ப்பக்கம், அதாவது பார்ப்பவரின் வலப்பக்கம், ஒதுங்கியிருக்கின்றன. உடல், தலை, கண் ஆகிய மூன்றும் மூன்று திசைகளில் இருக்கின்றன என்ற இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் செய்திகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

பீலஃபெல்ட் ஆய்வாளர்கள் ஓவியத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். கணினித் திரையில் தோன்றும் செயற்கை மனித உருவம் ஒன்று எதைப் பார்க்கிறது என்பதை எதிரில் இருப்பவர் எவ்வளவு சரியாக உணர்கிறார் என்பதே அவர்களுடைய துறை. மோனா லிசா விளைவை விளக்க மோனா லிசாவின் படத்தையே எடுத்துப் பார்த்தபோது, அவர் தம்மைப் பார்ப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். அந்த ஐயத்தை அப்படியே விட்டுவிடாமல் அளக்க முடிவு செய்ததுதான் இந்த நிகழ்வின் தொடக்கம்.

அளந்த முறை

24 பேர் ஒவ்வொருவராகக் கணினித் திரையின் முன் அமர்த்தப்பட்டார்கள். திரையில் மோனா லிசாவின் முகம் தோன்றியது. திரைக்கும் பார்ப்பவருக்கும் இடையில், தச்சர்கள் பயன்படுத்தும் மடக்கு அளவுகோல் ஒன்று கிடைமட்டமாக வைக்கப்பட்டிருந்தது. ஓவியத்திலுள்ள பெண்ணின் பார்வை அந்த அளவுகோலை எந்த எண்ணில் சந்திக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது மட்டுமே பணி. முழுத் தலையும் தெரியும்படி ஒரு படம், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி இன்னொரு படம் என 15 வகையாக வெட்டப்பட்ட படங்கள், முறைமாற்றி, ஒவ்வொன்றும் மூன்று முறை காட்டப்பட்டன. பாதி வழியில் அளவுகோலுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரம் மாற்றப்பட்டது. இரண்டு தூரங்களில் இரண்டு புள்ளிகள் கிடைத்தால் அவற்றை இணைக்கும் கோட்டின் கோணத்தைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வாறு 2000-க்கும் மேற்பட்ட கணிப்புகள் திரட்டப்பட்டன.

கிடைத்த சராசரிக் கோணம் 15.4 பாகை, பார்ப்பவரின் வலப்பக்கமாக. ஓவியத்துக்கு நேர் எதிரே 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, அந்தப் பார்வை அவருடைய முகத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 27 செ.மீ. விலகிச் செல்லும்; காதையும் தாண்டி, தோளுக்கு மேலாகப் போய்விடும். ஒருவர் நம் காதைப் பார்க்கும்போது உண்டாகும் விலகல் இயல்பான உரையாடல் தூரத்தில் 5 பாகை அளவுதான். அதுவரை நம்மைப் பார்ப்பதாகவே நாம் ஏற்றுக்கொள்வோம். 10 பாகைக்கு மேல் போனால் அந்த உணர்வு பொதுவாக மறைந்துவிடும். 15.4 பாகை என்பது ஐயத்துக்கு இடமில்லாத விலகல்.

இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது அளவுகோலைக்கூட அல்ல, கேட்கப்பட்ட கேள்வியை. “அவர் உங்களைப் பார்க்கிறாரா?” என்று கேட்டிருந்தால் ஆம், இல்லை என்ற விடைதான் வந்திருக்கும், அந்தக் கேள்வியே கேட்கப்படுபவரைப் பார்வையின் இலக்காக முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. “பார்வை எந்த எண்ணில் விழுகிறது?” என்ற கேள்வியில் அந்தச் சாய்வு இல்லை. பல தலைமுறைகளாக மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது முதல் வகைக் கேள்வியை மட்டுமே.

கண் மட்டும் பேசுவதில்லை

பிறர் பார்வையைக் கணிப்பதற்கு மனிதக் கண் மிகவும் ஏற்றதாக அமைந்திருக்கிறது. கோபயாஷி, கோஷிமா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் 88 வகைக் குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டு, மனிதரின் வெண்விழிதான் மிக அகலமாக வெளியே தெரிகிறது என்றும், அதன் வெண்மை கருவிழியைத் துலக்கமாகப் பிரித்துக்காட்டுகிறது என்றும் காட்டினார்கள். சிம்பன்சிகளிலும் வெளிர் விழி உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் அந்த முடிவின் கூர்மையைச் சற்றுக் குறைத்தாலும், அடிப்படைச் செய்தி நிலைக்கிறது: கருவிழிக்கு இருபுறமும் எவ்வளவு வெண்மை தெரிகிறது என்பதிலிருந்து நாம் திசையைப் படிக்கிறோம். நிழற்படத்தில் கண்களை மட்டும் எதிர்நிறமாக்கி, கருமையை வெண்மையாகவும் வெண்மையைக் கருமையாகவும் மாற்றினால், இடப்பக்கம் பார்த்த முகம் வலப்பக்கம் பார்ப்பதாகத் தோன்றிவிடும். பவன் சின்ஹா 2000-இல் நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் படத்தைக் கொண்டு இதைக் காட்டினார். கருமையாக இருப்பதே கருவிழி என்ற எளிய விதியைத்தான் நம் கண்ணறிவு பின்பற்றுகிறது போலும்.

இந்தப் படிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மனித விழிக்கோளத்தின் விட்டம் சுமார் 24 மி.மீ.; கண் 1 பாகை திரும்பினால் கருவிழி ஏறத்தாழ 0.2 மி.மீ. நகரும். நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் 1 பாகையின் 60-இல் ஒரு பங்கு. 2 மீட்டர் தொலைவில் அது 0.6 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவான நகர்வுக்குச் சமம். அதாவது கண் சுமார் 3 பாகை திரும்புவதற்குச் சமம். ஜேம்ஸ் கிப்சனும் ஆன் பிக்கும் 1963-இல் உண்மையான ஒரு பெண்ணை 2 மீட்டர் தொலைவில் உட்காரவைத்து நடத்திய சோதனையிலும் கணிப்பின் நுட்பம் ஏறத்தாழ இந்த அளவிலேயே அமைந்தது. பிறர் பார்வையைக் கணிப்பதில் நாம் கண்ணின் இயற்கை எல்லையை ஒட்டிச் செயல்படுகிறோம் என்று இதற்குப் பொருள்.

ஆயினும் கருவிழியின் இடம் மட்டும் போதாது. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஓவியரோ உளவியலாளரோ அல்லர். பலேடியம், ரோடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்த ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹைட் வாலஸ்டன். 1824-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த கட்டுரைக்காக, புகழ்பெற்ற ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவருக்கு முகங்களை வரைந்து கொடுத்தார். கண்களைத் துளியும் தொடாமல், மூக்கையும் முகத்தின் கீழ்ப்பகுதியையும் மட்டும் வேறு பக்கம் திரும்பியவாறு மாற்றி ஒட்டியபோது, அதே கண்கள் வேறு இடத்தைப் பார்ப்பதாகத் தோன்றின. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமாகப் பார்வையும் இழுக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. கிப்சனும் பிக்கும், பிறகு 1969-இல் ஆன்ஸ்டிஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டது இதற்கு நேர் எதிரானது. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணால் ஒரு புள்ளியைப் பார்ப்பவர், தலை திரும்பிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பார்ப்பதாகவே கணிக்கப்பட்டார். ஓர் ஆய்வில் தலை பார்வையை இழுக்கிறது. இன்னோர் ஆய்வில் தள்ளுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

விடை, என் கருத்தில், இந்தத் துறையின் மிக அழகான பகுதி. உயிருள்ள ஒருவர் தலையை இடப்பக்கம் திருப்பி, கண்களை மட்டும் உங்கள்மீது நிறுத்தினால், கண் திறப்புக்குள் கருவிழி வலப்பக்கம் ஒதுங்கும்; இடப்பக்கம் வெண்மை கூடும். கண்ணை மட்டும் படித்தால் அவர் வலப்பக்கம் பார்ப்பதாக முடிவு வரும். தலையின் திசை அந்த முடிவை இடப்பக்கமாகத் திருத்தும். அந்தத் திருத்தம் முழுமையாக இருந்தால் கணிப்பு சரியாக அமையும். ஆனால் நாம் எப்போதும் குறைவாகவே திருத்துகிறோம். எஞ்சும் பிழை எதிர்ப்பக்கத் தள்ளலாகத் தெரிகிறது. வாலஸ்டனின் படங்களிலோ கண் மாறவே இல்லை. தலையின் திருத்தம் மட்டும் மாறியது. ஆகவே அங்கே இழுப்பு மட்டும் தெரிந்தது. கணக்கு ஒன்றுதான், சோதனையில் எது மாறாமல் வைக்கப்பட்டது என்பதே வேறுபாடு. யூமிகோ ஓட்சுகாவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் இந்த இரட்டை வழி விளக்கத்தை அளவீடுகளோடு முன்வைத்தார்கள்.

இப்போது ஓவியத்துக்குத் திரும்பினால், லிசாவின் தலை இடப்பக்கமும் கருவிழி வலப்பக்கமும் இருப்பது இதே அமைப்புதான் என்பது தெரியும். உயிருள்ள ஒரு பெண் அதே நிலையில் அமர்ந்து உண்மையிலேயே எங்கே பார்த்திருப்பாரோ, அதைவிடச் சற்று அதிகமாகவே வலப்பக்கம் பார்ப்பதாக நமக்குத் தோன்ற வாய்ப்புண்டு. ஆகவே 15.4 பாகை என்பது ஓவியர் கருதிய திசையின் அளவு அன்று. பார்ப்பவர் கண்ட திசையின் அளவு. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் கவனிக்கத் தவறின.

தட்டையான முகம் ஏன் பின்தொடர்கிறது

விளைவு என்பது பொய்யன்று. நம் வீட்டுச் சுவரில் மாலையிட்டு மாட்டியிருக்கும் தாத்தா படம் கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் நம்மைப் பார்ப்பது உண்மையான அனுபவம். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் நேராகக் கேமராவைப் பார்த்திருந்தார் என்பதே காரணம். உயிருள்ள முகத்தைச் சுற்றி நாம் நகர்ந்தால் மூக்கின் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தெரியும். வெண்விழியின் பங்கும் மாறும். தட்டையான படத்தில் இவை எதுவும் மாறுவதில்லை. பக்கவாட்டில் நின்றால் முழுப் படமும் குறுகித் தெரியும். ஆனால் கருவிழிக்கு இரு பக்கமும் உள்ள வெண்மையின் விகிதம், மூக்கு நுனிக்கும் கன்ன விளிம்புக்கும் உள்ள விகிதம் ஆகியவை அப்படியே இருக்கும். நேர் எதிரே நின்றபோது நம்மைப் பார்த்த முகம், பக்கவாட்டிலும் நம்மையே பார்க்கும்.

இதன் மறுபக்கத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நம்மைப் பார்க்கும் முகம் எங்கிருந்து பார்த்தாலும் நம்மைப் பார்க்கும் என்றால், நமக்கு வலப்பக்கம் பார்க்கும் முகமும் எங்கிருந்து பார்த்தாலும் நமக்கு வலப்பக்கமே பார்க்கும். லிசாவின் பார்வையை எதிர்கொள்ள நாம் சற்று வலப்பக்கம் நகர்ந்து நின்றால் போதாது. நம்மோடு சேர்ந்து அவர் பார்க்கும் இடமும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். பின்தொடர்தல் அந்த ஓவியத்திலும் இருக்கிறது. அது பின்தொடர்வது நம்மை அன்று, நம் தோளுக்கு அப்பாலுள்ள வெற்றிடத்தை. பீலஃபெல்ட் ஆய்வை ‘மோனா லிசா விளைவு பொய்’ என்று சுருக்கிச் சொல்வது இதனால் தவறாகிறது.

எனில் ஏன் அனைவரும் நம்பினார்கள்

ஓர் ஓவியம் 15.4 பாகை விலகிப் பார்க்கும்போது, தம்மைப் பார்ப்பதாக இத்தனை பேர் எப்படிச் சொல்ல முடிந்தது? ஹோர்ஸ்ட்மனின் விளக்கம், பிறரால் பார்க்கப்பட வேண்டும், பிறர் கவனத்தின் மையத்தில் இருக்க வேண்டும் என்ற வலுவான விருப்பம் மனிதரிடம் இருக்கிறது என்பது. விருப்பம் என்ற விளக்கத்தைவிட, சோதனையில் காட்டப்பட்ட ஒரு பண்பையே நான் முன்வைப்பேன். இசபெல் மாரெஷால், ஆண்ட்ரூ கால்டர், காலின் கிளிஃபோர்ட் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களின் கண்பகுதியில் ‘இரைச்சல்’, அதாவது படத்தைக் கலங்கச்செய்யும் ஒழுங்கற்ற மாற்றங்கள், சேர்த்துத் தெளிவைக் குறைத்தார்கள். கண் எந்த அளவுக்குக் கலங்கித் தெரிந்ததோ அந்த அளவுக்கு, அது தம்மைப் பார்ப்பதாகச் சொல்பவர்கள் கூடினார்கள். சான்று குறையும்போது, ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்ற முன்னெதிர்பார்ப்பு அந்த இடத்தை நிரப்புகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள்கூட, விலகிப் பார்க்கும் முகத்தைவிடத் தம்மை நேராகப் பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்க்கின்றன என்று டெரேசா ஃபரோனியின் குழு 2002-இல் காட்டியிருக்கிறது.

எதிர்பார்ப்பு இப்படிச் சாய்வதில் நியாயமும் உண்டு. நம்மைப் பார்க்கும் ஒருவரைக் கவனிக்கத் தவறுவதால் வரும் இழப்பு, பார்க்காத ஒருவரைப் பார்ப்பதாக எண்ணுவதால் வரும் இழப்பைவிடப் பெரியது. ஆனால் இந்தச் சாய்வு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. நம்மைப் பார்ப்பதாக ஏற்றுக்கொள்ளும் கோண எல்லைக்கு மைன்ஸ் நகரின் மத்தியாஸ் காமர், ஹைக்கோ ஹெக்ட் ஆகியோர் 2007-இல் ‘பார்வைக் கூம்பு’ என்று பெயரிட்டார்கள். சமூக அச்சக் கோளாறு உள்ளவர்களிடம், உடன் இன்னொருவரின் முகமும் இருக்கும் சூழலில், அந்தக் கூம்பு மற்றவர்களைவிட அகலமாகிறது என்பதை 2011-இல் அதே குழு காட்டியது. கூட்டத்துக்குள் நுழையும்போது எல்லாக் கண்களும் தம்மீதே இருப்பதாகத் தவிப்பவர்களிடம், அது வெறும் நினைப்பு என்று சொல்லித் தள்ளிவிடுவது கொடுமை. அவர்கள் காண்பதே அப்படித்தான். அதைக் கோணமாக அளக்கவும் முடிகிறது.

லூவரின் சூழலை இந்த அறிவோடு எண்ணிப் பார்க்கலாம். அங்கே ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பார்வையாளர்கள் தடுப்புக்கு இப்பால், கூட்டத்தோடு, சில மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். தொலைவு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்குப்படி, கண் 7 பாகை திரும்பினால்தான் அந்த நகர்வு தெளிவாகப் பிரித்தறியப்படும். 2 மீட்டரில் 3 பாகையாக இருந்த நுட்பம் இங்கே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சான்று மங்கும் அந்த இடத்தில், ஓவியத்தைப் பற்றிக் காலங்காலமாகக் கேட்ட சொல்லும், ‘என்னை’ என்ற முன்னெதிர்பார்ப்பும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதே என் ஊகம். தெளிவான திரையில், அருகில் அமர்ந்து, எண்ணைச் சொல்லும்படி கேட்கப்பட்டவர்களிடம் அந்த இரண்டும் விலகி நின்றன.

நடைமுறையில் இதன் பயன்

ஓவியத்தைப் பற்றிய விவாதமாக மட்டும் இது நிற்காது. தட்டையான திரையில் தோன்றும் முகம், அறையிலுள்ள ஒருவரை மட்டும் தேர்ந்து பார்க்க முடியாது. நேராகப் பார்த்தால் அனைவரும் தம்மையே பார்ப்பதாக உணர்வார்கள்; விலகிப் பார்த்தால் யாரும் அப்படி உணரமாட்டார்கள். வரவேற்பு மேசையில் திரைமுகம் ஒன்று “நீங்கள் சொல்லுங்கள்” என்று கேட்டால், எதிரிலுள்ள மூவரில் யாரைக் கேட்டது என்பது விளங்காது. ஸ்டாக்ஹோம் கே.டி.எச். தொழில்நுட்ப நிறுவனத்தின் சமெர் அல் முபாயதும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதே முகத்தை முப்பரிமாண முகமூடியின்மீது உள்ளிருந்து ஒளியாக வீழ்த்தினார்கள். அப்போது பார்வை யார்மீது விழுகிறது என்பதை அறையிலிருந்தவர்களால் பிரித்தறிய முடிந்தது. ஃபர்ஹாட் என்ற பேசும் இயந்திரத் தலை அந்த வழியில் உருவானதே.

ஆய்வின் எல்லைகள்

பீலஃபெல்ட் ஆய்வில் பங்கேற்றவர்கள் 24 பேர். அவர்கள் பார்த்தது மரப்பலகையை அன்று, திரையிலுள்ள படத்தை. முதல் குறையைக் கணிப்புகளின் எண்ணிக்கை ஓரளவு ஈடுசெய்கிறது. இரண்டாவதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை. பலகையும் திரையும் தட்டையானவையே. உண்மையான இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. விளைவின் பெயர் நகர்ந்து செல்லும் பார்வையாளரைக் குறிக்கிறது. இங்கே பார்வையாளர்களோ திரையின் எதிரில் அமர்ந்தே கணித்தார்கள். அதே அளவுகோலோடு அவர்களைத் திரையின் இடப்பக்கம் 15 பாகையிலும் வலப்பக்கம் 15 பாகையிலும் அமர்த்தி, அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மேலே சொன்ன வடிவியல் சரியானால், மூன்று இடங்களிலிருந்தும் விடை ஒன்றாகவே வரும்: அவரவருக்கு வலப்பக்கம். வலப்பக்கம் அமர்ந்தவர்கள் மட்டும் அவர் தங்களைப் பார்க்கிறார் என்று சொன்னால், படத்தின் தட்டைத்தன்மையை நாம் உணர்ந்து ஈடுசெய்கிறோம் என்று பொருளாகும். அப்போது மேலே எழுதிய விளக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும்.